நீதிபதிகள் மாறுபடும் தீர்ப்பை வாசிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி காலையில் முத்தலாக் வழக்கின் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது, முதலில் வெளிவந்த செய்திகளில் சில, முத்தலாக்குக்கு ஆறு மாத காலம் தடை விதிக்கப்பட்டிருப்பதாகவும், இனி நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதாகவும் தெரிவித்தன. சற்று நேரத்தில் அவை திருத்தப்பட்டன. அந்தச் செய்தியாளர்கள் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹர் என்ன வாசித்தாரோ அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஐந்து பேர் கொண்ட அந்த அரசியல் சாசன அமர்வில் தலைமை நீதிபதியோடு உடன்பட்டவர் இன்னொருவர் மட்டுமே. மற்ற மூவரும் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். தலைமை நீதிபதி முதலில் வாசித்தார் என்பதாலும், கோப்பில் முதலில் இருப்பது அவருடைய தீர்ப்பு என்பதாலும் அதுவே நீதிமன்றத்தின் தீர்ப்பாகிவிடாது.

இந்தக் கட்டுரை சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிப்பவர்களுக்காகவும், நீதிமன்றச் செய்தி எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், தம் வாழ்க்கையைத் தொடும் ஒரு தீர்ப்பைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்ள விரும்பும் எவருக்காகவும் எழுதப்படுகிறது. ஒருமனதான தீர்ப்பை வாசிப்பது பெரிய சிரமமில்லை. ஒரே அமர்வில் மூன்று, நான்கு தீர்ப்புகள் எழுதப்பட்டிருக்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நான் ஜூனியராக இருந்த காலத்தில், ஒரு வழக்கில் மிகுந்த நம்பிக்கையோடு ஒரு பத்தியை வாசித்துக் காட்டினேன். நீதிபதி இடைமறித்து, "இது யார் எழுதிய பகுதி?" என்று கேட்டார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது அது உடன்படாத நீதிபதியின் தீர்ப்பில் இருந்த பத்தி என்று தெரிந்தது. எங்கள் கட்சிக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் எழுதியவர் பெயரைப் பார்க்காமல் ஒரு வரியைக்கூடக் குறித்துக்கொள்வதில்லை.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் தெளிவாகிவிடுவோம். தமிழ் நாளிதழ்களில் "மாறுபட்ட தீர்ப்பு" என்ற தொடர் இரண்டு வேறு நிலைமைகளுக்கும் வழங்குகிறது. ஐவரில் ஒருவர் உடன்படாமல் தனியே எழுதுவதும் மாறுபட்ட தீர்ப்பு எனப்படுகிறது. இருவர் அமர்வில் ஆளுக்கொரு முடிவு சொல்வதும் அப்படியே குறிக்கப்படுகிறது. முதல் நிலைமையில் வழக்கு முடிந்துவிட்டது, இரண்டாவதில் முடியவில்லை. இந்தக் கட்டுரையில் முதலாவதை மாறுபட்ட தீர்ப்பு என்றும், இரண்டாவதைச் சமமாகப் பிரிந்த தீர்ப்பு என்றும் குறிப்பிடுகிறேன்.

முதல் படி: தீர்ப்பின் மூலத்தைக் கையில் எடுப்பது

செய்தியையும் தொலைக்காட்சி விவாதத்தையும் ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பையே இறக்கிக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே ஆண்டு முதல் ஒவ்வொரு தீர்ப்புக்கும் நீதிமன்றமே ஓர் எண் தருகிறது. எடுத்துக்காட்டாக, பட்டியல் சாதியினருக்கான உள் ஒதுக்கீட்டு வழக்கின் எண் 2024 ஐஎன்எஸ்சி 562. பழைய தீர்ப்புகளை வக்கீல்கள் சட்ட அறிக்கைத் தொகுதிகளின் சைட்டேஷனைக் கொண்டு குறிப்பிடுவார்கள். (2017) 9 எஸ்சிசி 1 என்றால், 2017-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தொகுதியில் முதல் பக்கத்தில் அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது என்று பொருள். முத்தலாக் வழக்கான ஷயரா பானோ வழக்கின் சைட்டேஷன் அதுதான்.

சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. பொருள் விளங்குவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மொழிபெயர்ப்பு வழக்காடிகள் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே என்றும், அதிகாரப்பூர்வமானது ஆங்கிலப் பிரதியே என்றும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். எனவே ஒரு தொடரை மேற்கோள் காட்டி எழுதுவதற்கு முன் ஆங்கில மூலத்தில் அந்தப் பத்தியைப் பார்த்துவிட வேண்டும். சட்ட அறிக்கைகளில் தீர்ப்புக்கு முன்னால் சுருக்கமாக அச்சிடப்படும் ஹெட்நோட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. வழிகாட்டும் பலகையாக அதைக் கொள்ளலாமே தவிர, அதை நீதிமன்றத்தின் வாக்காகக் கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: யார் யாருக்காக எழுதினார் என்று குறிப்பது

ஒரு வெள்ளைத்தாளில் அமர்வில் இருந்த நீதிபதிகள் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பையும் கடைசிக் கையெழுத்தையும் பாருங்கள். பெயருக்குப் பின்னால் "ஜே." என்று இருந்தால் அது தலைப்பெழுத்தல்ல, நீதிபதியைக் குறிக்கும் ஜஸ்டிஸ் என்பதன் குறுக்கம். "சிஜேஐ" என்றால் இந்தியத் தலைமை நீதிபதி. ஒரு நீதிபதி தனக்காக மட்டும் எழுதியிருக்கலாம், தனக்கும் சக நீதிபதிக்குமாகச் சேர்த்து எழுதியிருக்கலாம். தனித் தீர்ப்பு எழுதினாலும் முடிவில் உடன்படுபவர்களும் உண்டு.

ஷயரா பானோ வழக்கில் நீதிபதிகள் ஐவர், தீர்ப்புகள் மூன்று. தலைமை நீதிபதி கேஹர் எழுதியதில் நீதிபதி அப்துல் நசீர் இணைந்திருக்கிறார். நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதியது அவருக்கும் நீதிபதி யு.யு. லலித்துக்குமானது. நீதிபதி குரியன் ஜோசப் தனியே எழுதினார். மொத்தம் 395 பக்கங்கள். அதில் தலைமை நீதிபதியின் தீர்ப்பே ஏறத்தாழ 270 பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. குரியன் ஜோசப்பின் தீர்ப்போ 30 பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் வழக்கின் போக்கைத் தீர்மானித்தது அந்த மிகச் சிறிய தீர்ப்புதான்.

அடுத்து, எல்லா நீதிபதிகளும் கையெழுத்திட்ட இறுதி உத்தரவு இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஷயரா பானோவில் அது ஒரே ஒரு வாக்கியம்: வெவ்வேறு கருத்துகள் பதிவாகியிருப்பதை முன்னிட்டு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் முத்தலாக் வழக்கம் ரத்து செய்யப்படுகிறது என்பதே அதன் சாரம். ஏன் ரத்து செய்யப்படுகிறது என்பதற்கு அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. 1973-ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கிலும் இத்தகைய பக்கம் ஒன்று உண்டு. பதின்மூன்று நீதிபதிகள் பதினொரு தீர்ப்புகள் எழுதிய அந்த வழக்கில், பெரும்பான்மையின் கருத்து என்ற பெயரில் வெளியான சுருக்கத்தில் ஒன்பது பேர் மட்டுமே கையெழுத்திட்டார்கள், நால்வர் இடவில்லை. வழக்கு முடிந்ததோ ஏழுக்கு ஆறு என்ற கணக்கில். ஒரே தீர்ப்பில் இரண்டு கணக்குகள் இருப்பதைப் பார்க்கிறீர்கள். எந்தக் கணக்கு எதற்கு என்று பிரித்தறிவதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: கேள்வி வாரியாக எண்ணுவது

வழிகாட்டியின் மையம் இதுதான், எனவே இங்கே சற்று நின்று போவோம்.

"மூன்றுக்கு இரண்டு" என்ற எண் யார் வென்றார் என்பதை மட்டும் சொல்கிறது. சட்டம் என்ன என்பதை அறிய, வழக்கில் எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகத் தலைகளை எண்ண வேண்டும். அரசியல் சாசனத்தின் 145(5) பிரிவு, வழக்கை விசாரித்த நீதிபதிகளில் பெரும்பான்மையோரின் இசைவு இல்லாமல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கக் கூடாது என்கிறது. உடன்படாத நீதிபதி தன் மாறுபட்ட தீர்ப்பை வழங்குவதை எதுவும் தடுக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது 141-வது பிரிவு. அப்படியானால் பெரும்பான்மையோர் ஒரே முடிவுக்கு வெவ்வேறு காரணங்களால் வந்து சேர்ந்தால், அறிவிக்கப்பட்ட சட்டம் எது?

தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாக ஐந்து நீதிபதிகளின் பெயர்கள். இடமிருந்து வலமாகக் கேள்விகள். ஷயரா பானோவில் குறைந்தது மூன்று கேள்விகளைத் தனியே பிரிக்க முடியும்.

முதல் கேள்வி: 1937-ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம், முத்தலாக்கை அங்கீகரித்து முறைப்படுத்தும் ஒரு சட்டமா? ஆம் என்றால் அதை அடிப்படை உரிமைகளோடு உரசிப் பார்க்கலாம். ஆம் என்றவர்கள் நாரிமனும் லலித்தும். அவ்வாறு பார்த்து, சமத்துவ உரிமை தரும் 14-வது பிரிவின்படி அந்த அளவுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். இல்லை என்றவர்கள் கேஹர், நசீர். இந்த ஒரு புள்ளியில் குரியன் ஜோசப் தலைமை நீதிபதியோடு முழுமையாக உடன்படுவதாகவும், நாரிமனோடு மாறுபடுவதாகவும் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆக இந்தக் கேள்வியில் பெரும்பான்மை, வழக்கில் தோற்ற பக்கத்தில் நின்றவர்களுடையது.

இரண்டாவது கேள்வி: வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமாக அமைந்த ஒரு சட்டத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே செல்லாது என்று அறிவிக்க முடியுமா? முடியும் என்று நாரிமன் விரிவாக எழுதினார். குரியன் ஜோசப் முந்தைய கேள்வியில் அவரோடு மாறுபட்டவர் என்றாலும், இந்தச் சட்டக் கோட்பாட்டில் உடன்படுவதாகச் சொல்கிறார். மூவர் ஆகிவிட்டது. முத்தலாக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிற்கால வழக்குகளில் இந்தக் கோட்பாடு திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவதற்கு இந்த மூன்றாவது குரலும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்வி: முத்தலாக், மதச் சுதந்திரத்தின் பாதுகாப்பைப் பெறும் வழக்கமா? பெறும் என்றார்கள் கேஹரும் நசீரும். அதனால்தான் அவர்கள் ரத்து செய்யாமல், ஆறு மாத காலத்துக்குக் கணவர்கள் முத்தலாக் கூறுவதைத் தடுத்து, அதற்குள் சட்டமியற்றும் பணி தொடங்கினால் தடை நீடிக்கும், இல்லையேல் காலாவதியாகும் என்றார்கள். பெறாது என்றவர்கள் மற்ற மூவர். ஆனால் அந்த மூவரின் பாதையும் ஒன்றல்ல. குரியன் ஜோசப்பின் பாதை இது: குரானுக்கு மாறானது ஷரியத்தில் சரியாக இருக்க முடியாது. முத்தலாக்குக்குச் சட்ட மதிப்பில்லை என்பதை 2002-ஆம் ஆண்டின் ஷமீம் ஆரா தீர்ப்பே உணர்த்திவிட்டது. 141-வது பிரிவின்படி அதுவே நடப்பில் உள்ள சட்டம். நாரிமன் வந்த வழி அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமை.

கட்டத்தை நிரப்பி முடித்த பின் பாருங்கள்: மூன்று கேள்விகளிலும் ஒரே பெயர்தான் எப்போதும் பெரும்பான்மையில் இருக்கிறது, அது குரியன் ஜோசப். உச்ச நீதிமன்றம் சமத்துவ உரிமையின் அடிப்படையில் முத்தலாக்கை ரத்து செய்தது என்று ஒருவர் எழுதினால், ஐவரில் இருவருடைய காரணத்தை நீதிமன்றத்தின் காரணமாக அவர் மாற்றிவிடுகிறார். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளில் இந்தப் பிழையைக் கண்டிருக்கிறேன். முடிவு சரிதானே, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நாளை இன்னொரு பெண் இன்னொரு வழக்கத்தை எதிர்த்து நீதிமன்றப் படியேறும்போது அவர் கையில் இருக்கப்போவது இந்தக் காரணம்தான். எழுதப்படாத காரணத்தை நம்பி அவர் வந்துவிடக் கூடாது.

அந்த அமர்வில் சீக்கியர், கிறித்தவர், பார்சி, இந்து, முஸ்லிம் என ஐந்து சமயங்களைச் சேர்ந்த நீதிபதிகள் இருந்தது அப்போது மிகவும் பேசப்பட்டது. ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கைக் கேட்ட ஐவரில் ஒரு பெண்கூட இல்லை என்பதை என்னால் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் நீதிபதியின் சமயத்தையோ பாலினத்தையோ கொண்டு தீர்ப்புக்குப் பொருள் சொல்லப் புறப்படாதீர்கள். எழுதிய காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. அவற்றைத்தான் எடைபோட வேண்டும்.

நான்காம் படி: யார் குரல் என்று கேட்பது

ஒரு பத்தி நீதிபதியின் பெயரில் அமைந்த தீர்ப்பில் இருப்பதாலேயே அது நீதிபதியின் கருத்தாகிவிடாது. தீர்ப்பின் முன்பகுதியில் மனுதாரர் தரப்பு வாதமும் எதிர்த்தரப்பு வாதமும் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கும். "இட் இஸ் கன்டெண்டட்", "இட் வாஸ் சப்மிட்டட்" என்று தொடங்கும் பத்திகள் வக்கீல்களின் குரல். "வீ ஆர் ஆஃப் த ஒபினியன்", "வீ ஹோல்ட்", "இன் மை வியூ" என்று வரும் இடங்களில்தான் நீதிபதி பேசுகிறார். பழைய தீர்ப்புகளிலிருந்து எடுத்த நீண்ட மேற்கோள்கள் இன்னொரு வகை. மேற்கோளை முடித்த பின் நீதிபதி அதை ஏற்றாரா, வேறுபடுத்திக் காட்டினாரா என்று அடுத்த பத்தியையும் படித்தாக வேண்டும். நான் இன்றும் மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொள்கிறேன்: வாதத்துக்கு ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று, நீதிபதியின் சொந்த முடிவுக்கு ஒன்று. கணினித் திரையில் வாசிப்பவர்களும் இதைச் செய்யலாம்.

ஐந்தாம் படி: கட்டுப்படுத்துவதையும் போகிறபோக்கில் சொன்னதையும் பிரிப்பது

முடிவுக்கு வருவதற்கு இன்றியமையாத சட்டக் காரணத்தை வக்கீல்கள் ரேஷியோ என்பார்கள். கேட்கப்படாத கேள்விக்கு நீதிபதி போகிறபோக்கில் சொல்லும் கருத்து ஓபிட்டர். ரேஷியோ கட்டுப்படுத்தும். ஓபிட்டருக்கு மதிப்பு உண்டு, குறிப்பாக உச்ச நீதிமன்றம் சொன்னால் உயர் நீதிமன்றங்கள் அதை எளிதில் புறந்தள்ளுவதில்லை. ஆனால் அது அந்த வழக்கில் தீர்க்கப்பட்ட கேள்வியாக ஆகாது.

2024 ஆகஸ்ட் 1 அன்று வந்த தவிந்தர் சிங் தீர்ப்பு இதற்குச் சரியான பாடம், தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானதும்கூட. பட்டியல் சாதியினருக்குள் மிகவும் பின்தங்கியவர்களுக்கு மாநில அரசு உள் ஒதுக்கீடு தரலாமா என்பதே ஏழு நீதிபதிகள் முன் இருந்த கேள்வி. 2004-இல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் வழங்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேலும் அந்தத் தீர்ப்பின் நிழல் விழுந்திருந்தது. ஆறு பேர் உள் ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். நீதிபதி பேலா திரிவேதி மாறுபட்டார். இதில் குழப்பம் ஏதுமில்லை, சின்னையா தீர்ப்பு மாற்றப்பட்டுவிட்டது.

ஆனால் மறுநாள் பல செய்திகள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லின: பட்டியல் சாதியினருக்கும் கிரீமி லேயர், அதாவது முன்னேறிவிட்டவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வரம்பு, உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாக. கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். நீதிபதி பி.ஆர். கவாய் கிரீமி லேயரைக் கண்டறிய அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்று எழுதினார். நீதிபதிகள் விக்ரம் நாத், சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் அதில் அவரோடு உடன்பட்டார்கள். நீதிபதி பங்கஜ் மித்தல், ஒதுக்கீடு ஒரு தலைமுறையோடு நிற்க வேண்டும் என்ற தம் வழியில் சென்றார். நால்வர் சொன்னது எழுவரில் பெரும்பான்மை அல்லவா என்று கேட்கலாம், அப்படி வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்வி அது அல்ல. உள் ஒதுக்கீடு செல்லும் என்ற முடிவுக்கு அந்தக் கருத்து தேவைப்படவும் இல்லை. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் அவரோடு இணைந்த நீதிபதி மனோஜ் மிஸ்ராவும் கிரீமி லேயர் பற்றிய முடிவு எதுவும் சொல்லாமலேயே அதே முடிவை எட்டியிருக்கிறார்கள். எனவே அதை ஓபிட்டராகவே கொள்வேன். அடுத்த தலைமுறையின் படிப்பையும் வேலையையும் நம்பி நிற்கும் குடும்பங்களுக்கு, இல்லாத ஒரு கட்டளை வந்துவிட்டது என்று சொல்வது சிறிய தவறில்லை.

ஒரு கருத்து ரேஷியோவா என்று ஐயம் வந்தால், அதை நீக்கிவிட்டுப் பாருங்கள். அது இல்லாமலும் முடிவு நிற்குமானால் அது பெரும்பாலும் ஓபிட்டர்தான்.

ஆறாம் படி: சமமாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று அறிவது

இருவர் அமர்வில் இருவரும் மாறுபட்டால் பெரும்பான்மையே இல்லை. உயர் நீதிமன்றத்தில் இப்படி நடந்தால் வழக்கு பொதுவாக மூன்றாவது நீதிபதிக்குச் செல்லும். பதினெட்டு சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கை நினைவுகூருங்கள். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி அந்த உத்தரவில் தலையிட மறுத்தார், நீதிபதி எம். சுந்தர் அது செல்லாது என்றார். தலைமை நீதிபதியின் கருத்து என்பதால் அதற்குக் கூடுதல் எடை கிடைக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்றுதான். மூன்றாவது நீதிபதியாக எம். சத்தியநாராயணன் வாதங்களைக் கேட்டு, அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்று சொன்ன பிறகே வழக்குக்கு முடிவு வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் இரு தரப்பும் தாங்கள் வென்றதாகச் சொல்லிக்கொள்ள இடமில்லாதிருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் இருவர் மாறுபட்டால் வழக்கு தலைமை நீதிபதியின் முன் வைக்கப்பட்டு, பெரிய அமர்வுக்குப் போகும். கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் சுதான்ஷு தூலியாவும் அப்படிப் பிரிந்தார்கள். அத்தகைய நாளில் "தடை நீங்கியது" என்றோ "தடையை உறுதிசெய்தது" என்றோ எழுதினால் இரண்டும் பிழையாகும். கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு இப்போதைக்கு நிற்கிறதா, இடைக்கால உத்தரவு எதுவும் தொடர்கிறதா என்பதைத்தான் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: மாறுபட்ட தீர்ப்பை முழுமையாக வாசிப்பது

தோற்ற பக்கம்தானே என்று இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் ஏடிஎம் (கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்) வழக்கில், நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். உயிரும் சுதந்திரமும் 21-வது பிரிவிலிருந்து மட்டுமே பிறந்தவை அல்ல. அந்தப் பிரிவை அமலாக்கும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டாலும், சட்டத்தின் அதிகாரமில்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு உரிமை வந்துவிடாது என்று எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த எம்.எச். பேக்குக்கு வழங்கப்பட்டது, கன்னா பதவி விலகினார். 41 ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி தீர்ப்பில் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அப்படி எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். மதராஸ் மாநிலத்தை எதிர்த்து ஏ.கே. கோபாலன் நடத்திய 1950-ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் இவ்வாறே பின்னாளில் மதிக்கப்பட்டது.

ஆயினும் எல்லா மாறுபட்ட தீர்ப்புகளும் ஒருநாள் வெல்லும் என்று எதிர்பார்த்து வாசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை மாறுபட்டவையாகவே நின்றுவிடும். அவற்றால் கிடைக்கும் பயன் உடனடியானது: பெரும்பான்மை எந்த எதிர்வாதத்துக்குப் பதில் சொன்னது, எதற்குச் சொல்லாமல் விட்டது என்று அதே வழக்கின் எல்லா ஆவணங்களையும் படித்த ஒருவரே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறார். தவிந்தர் சிங் வழக்கில் நீதிபதி திரிவேதி, 341-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் மாநிலங்கள் கைவைக்க முடியாது என்று எழுதியதைப் படித்த பிறகு பெரும்பான்மைக்குத் திரும்பி வாருங்கள். உள் ஒதுக்கீடு என்பது பட்டியலை மாற்றுவதாகாது என்று அவர்கள் ஏன் அத்தனை பக்கங்களில் விளக்கினார்கள் என்பது அப்போதுதான் புலப்படும்.

எட்டாம் படி: தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று பார்ப்பது

சீராய்வு மனு நிலுவையில் இருக்கிறதா, பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டதா, நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதா என மூன்றையும் பாருங்கள். முத்தலாக்கைக் குற்றமாக்கியது 2017 தீர்ப்பு அல்ல, 2019-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதை இன்றும் காண்கிறேன். இரண்டு தீர்ப்புகள் மோதினால் பெரிய அமர்வின் தீர்ப்பே மேலோங்கும். ஏழு பேர் அமர்வில் நால்வர் சொன்னது, ஐவர் அமர்வில் ஐவரும் ஒருமனதாகச் சொன்னதைவிடக் கட்டுப்படுத்தும் வலிமை உடையது. 2022 செப்டம்பர் 19 அன்று திரிமூர்த்தி ஃபிராக்ரன்சஸ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. எண்ண வேண்டியது அமர்வின் அளவை. உடன்பட்டவர்களின் தலைகளை அல்ல.

எழுதத் தொடங்கும்போது

முதல் பத்தியில் முடிவையும் வாக்கு விகிதத்தையும் எழுதுங்கள். அடுத்த பத்தியில், எந்தக் காரணத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். "நீதிமன்றம் கூறியது" என்ற தொடரைப் பெரும்பான்மை உள்ள கருத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லா இடங்களிலும் நீதிபதியின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். மேற்கோளுக்குப் பக்க எண்ணைவிடப் பத்தி எண் நல்லது, ஏனெனில் பக்க எண் பிரதிக்குப் பிரதி மாறும். ஒரே கோப்பில் ஒவ்வொரு நீதிபதியின் தீர்ப்பிலும் பத்தி எண் ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும் என்பதால், பெயரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

தீர்ப்பை விமர்சிக்கத் தயங்க வேண்டாம். விசாரணை முடிந்து இறுதியாகத் தீர்க்கப்பட்ட வழக்கின் தன்மையைப் பற்றிய நியாயமான விமர்சனம் நீதிமன்ற அவமதிப்பாகாது என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. காரணங்களை எவ்வளவு கடுமையாகவும் மறுக்கலாம். நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பது மட்டும் வேறு விஷயம், அதில் இறங்க வேண்டாம்.

பயிற்சிக்கு ஷயரா பானோவையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் சேம்பருக்கு வரும் மாணவர்களிடம் சொல்வேன். கோப்பில் உள்ள வரிசையில் வாசிக்காமல், முதலில் கடைசிப் பக்கத்து உத்தரவு, அடுத்து குரியன் ஜோசப், பிறகு நாரிமன், இறுதியாகத் தலைமை நீதிபதி என்று செல்லுங்கள். குரியன் ஜோசப்பை ஒரு மாலையில் முடித்துவிடலாம். கட்டத்தின் முதல் வரிசையை அன்றிரவே பென்சிலால் நிரப்புங்கள். பேனாவை, மற்ற இரு தீர்ப்புகளையும் வாசித்து முடித்த பின் எடுத்தால் போதும்.